நூற்றாண்டு மலரும் காணாமப் போன ஒரு ‘யு’வும்: ஒரு டிடிபி கடை கேஸ்

நாகர்கோவில் வடசேரி பக்கம் டிடிபி கடை வச்சு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்யாண கார்டு, நோட்டீஸ், ஸ்கூல் மலர், வக்கீல் ஆபீஸ் டைப்பிங்னு எல்லா வேலையும் உண்டு. அதுல ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்து முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன், ஏன்னா நம்ம ஊரு இங்கிலீஷ் இப்பம் யாரு கையில இருக்குங்கிற விஷயம் எனக்கு அந்த வேலையிலதான் புரிஞ்சுது. சபை பேரு, ஆளுங்க பேரு எதுவும் சொல்லப் போறதில்ல. கடைசியில நடந்த தப்பு என் கடையில நடந்த தப்பு, அதையும் முதல்லயே சொல்லிடுறேன்.

மேற்கே கல்குளம் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபைக்கு நூறு வருஷம் ஆச்சு, அதுக்கு ஒரு மலர். மொத்தம் 160 பக்கம், அதுல 60 பக்கம் இங்கிலீஷ். எதுக்கு இவ்வளவு இங்கிலீஷ்னா, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு ஆளாவது வெளிநாட்டுல இருப்பாங்க, அவங்க பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும் வாசிக்க வராது, பணம் குடுக்குறதும் பாதி அவங்கதான். கட்டுரை எல்லாம் வாட்ஸப்ல, மெயில்ல, ஒரு கூகுள் ஃபார்ம்லனு வந்து குவிஞ்சுது. டெக்சாஸ்ல இருந்து ஒரு அண்ணன், சவுதி தம்மாம்ல இருந்து ஒரு எஞ்சினியர், இங்கிலாந்துல நர்ஸா இருக்க ஒரு அக்கா, மெல்போர்ன்ல இருந்து ஒரு குடும்பம், மீதி நம்ம ஊரு ஆளுங்க. ஆசிரியர் குழுவுக்குத் தலைவரு ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், இங்கிலீஷ் வாத்தியாரு, வயசு 78. நான் சார்னுதான் கூப்பிடுவேன், அவரு என்னைய மக்கான்னு கூப்பிடுவாரு.

முதல் ப்ரூஃப் குடுத்து ரெண்டு நாள்ல சார் வந்தாரு. பேப்பர் முழுக்க சிவப்பு மை. பெஞ்சுல உக்காந்து தண்ணி கூட குடிக்காம கேட்டாரு, “மக்கா, இந்த யு-வை எல்லாம் யாருடே தின்னது?”

கலர்ல யு இல்ல, பிரிட்டிஷ்காரன் போடுறது, அமெரிக்காக்காரன் விடுறது. ஹானர்ல யு இல்ல. லேபர், நெய்பர், ஃபேவர் ஒண்ணுலயும் இல்ல. 12-ம் பக்கத்துல கம்யூனிட்டி சென்டர்னு வர்றப்ப கடைசியில ஆர்-இ, 31-ம் பக்கத்துல அதே சென்டர், அதே கட்டடம், இ-ஆர். புரோகிராம் ஒரு இடத்துல ஒரு எம்-ஓட நின்னுது, அடுத்த பக்கத்துல ரெண்டு எம் போட்டு இ-யும் போட்டு வந்துச்சு. ஆர்கனைஸ்ல எஸ்-ஸும் உண்டு இசட்-டும் உண்டு. சார் கோவத்துல சொன்னாரு, டெக்சாஸ்காரன் அமெரிக்க ஸ்பெல்லிங் எழுதுனா எழுதட்டும், இங்க தக்கலையில இருக்கவன் எதுக்குடே எழுதுறான்?

நியாயமான கேள்வி. அதைத்தான் நான் துருவ ஆரம்பிச்சேன்.

முதல் குற்றவாளி: சிவப்புக் கோடு

என் கடையில டைப் பண்ற பிள்ளை நல்ல பிள்ளை, வேகம், கவனம் எல்லாம் உண்டு. அவகிட்ட கேட்டேன், நீ மாத்துனியான்னு. “நான் ஒண்ணும் மாத்தல அண்ணே, சிவப்புக் கோடு வந்துச்சு, ரைட் கிளிக் பண்ணி அது சொன்னதைப் போட்டேன்”ன்னா. போய்ப் பாத்தா கடையில இருக்க மூணு கம்ப்யூட்டர்லயும் வேர்டுல மொழி இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்னு இருக்கு. நான்தான் வாங்கிப் போட்டேன், இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட அதைத் தொட்டுப் பாக்கல. அந்த லிஸ்டுலயே இங்கிலீஷ், இண்டியான்னும் ஒண்ணு இருக்கு, கீழ, யாரும் போகாத இடத்துல.

சார் கையெழுத்துல எழுதிக் குடுத்த அவரோட சொந்த முன்னுரையிலயே ரெண்டு யு போயிருந்துச்சு. அதைப் பாத்துட்டு அவரு ஒண்ணுமே சொல்லல, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

சிவப்புக் கோட்டுக்கு ஒரு தனி அதிகாரம் இருக்கு. வாத்தியாரு பேனாவும் அதே கலர்தான். நாமல்லாம் சிவப்புல அடிச்சா தப்புன்னு பழகி வந்த ஜனம், அதனால அந்தக் கோடு “இது வேற ஊரு வழக்கம்”னு சொல்லுதுன்னு யாருக்கும் தோணாது, “நீ தப்பு”ன்னுதான் தோணும். நம்ம இங்கிலீஷ்ல தன்னம்பிக்கை வேற கொஞ்சம் கம்மி, உடனே மாத்திடுவோம். லண்டன்ல இருக்கவன் இதே கோட்டைப் பாத்தா மெஷினைத் திட்டுவான், தக்கலையில இருக்கவன் தன்னைத் திட்டிக்குவான்.

இன்னொண்ணும் அந்தப் பிள்ளைதான் சொன்னா. அவ சாயங்காலம் வெப் டிசைன் கிளாஸ் போறா. அங்க கலர்னு அடிக்கும்போது யு போட்டா பக்கத்துல கலரே மாறாதாம். கோட் எழுதுற மொழிக்கு யு இல்லாத கலர்தான் தெரியும், சென்டருக்கு இ-ஆர்தான் தெரியும். கிரே மட்டும் ஏ போட்டாலும் இ போட்டாலும் ஏத்துக்கும், அது எப்படியோ பெரிய மனசு. பிரவுசரும் வெப்சைட்டும் பேசிக்கிற விதியில ரெஃபரர்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுல ஒரு ஆர் விட்டுப்போயி தப்பாவே 1996-ல ஆவணத்துல ஏறிருச்சு, இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்க அந்தத் தப்புதான் சரி. வாத்தியாரு அடிச்சா ஒரு மார்க்கு போகும், மெஷின் அடிச்சா வேலையே நடக்காது. கோட் எழுதிப் பழகுன பிள்ளைக கை யு-வை மறக்குறதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

சார் தோத்த இடங்கள்

சார் ஒரு விதி போட்டாரு: எல்லாத்தையும் பிரிட்டிஷா மாத்து. சரின்னு உக்காந்தோம். உக்காந்து பாத்தாத்தான் தெரிஞ்சுது, எது பிரிட்டிஷ்னே ரெண்டு பேருக்கும் முழுசா தெரியாதுன்னு.

ஜட்ஜ்மென்ட். நடுவுல இ இல்லாம ஒரு வக்கீல் எழுதியிருந்தாரு, சார் இ சேத்து விட்டாரு. நான் தினம் வக்கீல் ஆபீஸ் டைப்பிங் பாக்குறவன், கோர்ட்டுல எவனும் இ போட மாட்டான், இங்கிலாந்து கோர்ட்டுலயும் போடுறதில்ல, நம்ம சுப்ரீம் கோர்ட்டும் போடுறதில்ல. அது அமெரிக்கச் சரக்கு இல்ல, சட்டக்காரங்க வழக்கம். சார் பேசாம அந்த இ-யை வெட்டுனாரு.

அடுத்து ஆர்கனைஸ்ல இசட். இது சுத்த அமெரிக்கன்னு சார் சத்தியம் பண்ணாரு. ஆனா ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி இந்த மாதிரி வார்த்தைக்கு இசட்தான் போடுது. ஐநா சபையும் அந்த வழக்கம்தான். ஜெனீவாவுல இருக்க உலக சுகாதார நிறுவனம் கலர்ல யு போட்டு எழுதும், தன் பேருல இருக்க ஆர்கனைசேஷன்ல இசட் போடும். வேர்டுல மொழியை யுகேன்னு மாத்தி வச்சா எஸ், இசட் ரெண்டையும் சிவப்புக் கோடு இல்லாம விட்டுடும், நான் அவரு முன்னாலயே செஞ்சு காட்டினேன்.

புரோகிராம் இன்னும் மோசம். ரெண்டு எம் போட்டு இ போடுறது 19-ம் நூற்றாண்டுல பிரெஞ்சுக்காரன் சாயல்ல இங்கிலாந்துல பரவுன ஃபேஷன், அதுக்கு முன்னாடி அங்கயும் ஒத்தை எம்தான். இப்பம் இங்கிலாந்துக்காரனும் விழா நிகழ்ச்சின்னா நீளமாவும் கம்ப்யூட்டர் புரோகிராம்னா சின்னதாவும் எழுதுறான்.

அப்ப யு? அதோட கதையையும் தோண்டுனோம். 1755-ல சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டப்ப ஹானருக்கு மட்டுமா யு வச்சாரு, எர்ரர், ஹாரர், எம்பரர் எல்லாத்துக்கும் யு உண்டு. மியூசிக்குக் கடைசியில கே கூட உண்டு. அந்த யு எல்லாம் அமெரிக்காக்காரன் சொல்லாமலே இங்கிலாந்துலயே உதிர்ந்துருச்சு, கே-யும் போச்சு. ஷேக்ஸ்பியர் நாடகத்தை 1623-ல சேத்து அச்சடிச்ச புத்தகத்துலயே ஹானர் யு-வோடயும் இருக்கு, இல்லாமலும் இருக்கு. நோவா வெப்ஸ்டர்னு அமெரிக்காவுல ஒரு வாத்தியாரு, புது நாட்டுக்குப் புது எழுத்து வேணும்னு பிடிவாதக்காரரு, 1806-ல சின்ன அகராதி, 1828-ல 70,000 வார்த்தையோட பெரிய அகராதி போட்டு யு-வை வெட்டுனாரு, சென்டரைத் திருப்பிப் போட்டாரு, டிஃபென்ஸ்ல சி-யை எடுத்து எஸ் வச்சாரு. ஆனா அவரு சொன்ன எல்லாத்தையும் அவன் ஊருக்காரனே கேக்கல. நாக்குக்கு டி-யு-என்-ஜின்னு எழுதச் சொன்னாரு, விமன்ல ஓ-வை எடுத்துட்டு ஐ போடச் சொன்னாரு, மெஷினுக்கு எஸ்-ஹெச்-இ-இ-என்னு வால் மாட்டினாரு, ஜனம் சிரிச்சிட்டுப் போயிருச்சு. 1906-ல தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியா இருந்துக்கிட்டே 300 வார்த்தைக்குச் சுருக்கு எழுத்து உத்தரவு போட்டாரு, அமெரிக்க பார்லிமெண்டே முடியாதுன்னுட்டு. ஜனாதிபதியால முடியாதது சிவப்புக் கோட்டால முடிஞ்சிருக்கு பாருங்க.

உத்தரவுன்னதும் நம்ம ஊரு ஞாபகம் வருது. 2020 ஜூன்ல தமிழ்நாட்டுல 1018 ஊரு பேருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி அரசாணை வந்துச்சு, கொஞ்ச நாள்லயே வாபஸ். கடையில லெட்டர்ஹெட் மாத்த வந்தவங்க கூட உண்டு. விடுங்க.

நம்ம மாவட்டம் மட்டும் தனியா இருந்துச்சா

வெப்ஸ்டர் முதல் அகராதி போட்ட அதே 1806-லதான் ரிங்கல்தௌபே பாதிரியாரு மயிலாடிக்கு வந்தாரு. அவரு பிறப்பால ஜெர்மன்காரரு, அனுப்புனது லண்டன் மிஷன். பிறகு மீட் பாதிரியாரு நாகர்கோவில்ல செமினரியும் அச்சகமும் வச்சாரு. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-ல கல்லூரி ஆச்சு. நெய்யூர் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் லண்டன் வழி. அதனால நம்மது சுத்த பிரிட்டிஷ் இங்கிலீஷ்னு சாருக்குப் பெருமை.

அது முழு உண்மை கிடையாது. 1907-லயே அமெரிக்காவுல மிசௌரி லுத்தரன் சபைக்காரங்க நாகர்கோவிலுக்கு வந்துட்டாங்க, கன்கார்டியா செமினரி அவங்க வச்சதுதான். அதாவது நூறு வருஷத்துக்கு முன்னாலயே நாகர்கோவில் தெருவுல யு போடுற பாதிரியாரும் யு போடாத பாதிரியாரும் எதிரெதிரா நடந்திருக்காங்க. ஆனாலும் அமெரிக்க எழுத்து இங்க வேர் பிடிக்கல. ஏன்னு எனக்குத் தோணுறது ஒண்ணுதான்: பேப்பர் திருத்துனது முதல்ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி, 1937-க்குப் பிறகு திருவிதாங்கூர் யுனிவர்சிட்டி, வேலை குடுத்தது சர்க்காரு. பரீட்சைக்கு எந்த எழுத்தோ அதுதான் எழுத்து. 1956-ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தப்பவும் மாநிலம் மாறுச்சு, பாடப்புத்தகம் மாறுச்சு, யு மாறல.

இப்பம் பரீட்சை மாறிருச்சு. முதல் தடவை நம்ம இங்கிலீஷைத் திருத்துறது கம்ப்யூட்டரு, அதுக்கு அப்புறம்தான் மனுஷன். வெளிநாடு போற பிள்ளைக எழுதுற ஐஇஎல்டிஎஸ்ல பிரிட்டிஷ், அமெரிக்கன் எது எழுதுனாலும் ஏத்துக்குறாங்க, கலந்து கட்டி அடிக்காம இருந்தா போதும்.

மத்த காலனி நாட்டுலயும் இது ஒரே திசையில போகல. கனடா அமெரிக்காவுக்குப் பக்கத்து வீடு. 1890-ல அங்க பிரதமரா இருந்த மக்டொனால்ட் சர்க்கார் காகிதத்துல யு போட்டுத்தான் எழுதணும்னு உத்தரவே போட்டாரு. பத்திரிகைக்காரங்க ரொம்ப காலம் கேக்காம யு இல்லாம எழுதிட்டு, 1998-ல திரும்ப யு-வுக்கு வந்தாங்க. அதே கனடாக்காரன் டயருக்கு அமெரிக்கன் மாதிரி ஐ போடுவான், பேங்க் செக்குக்கு நம்ம மாதிரி க்யூ போட்டு நீட்டுவான். ஆஸ்திரேலியாவுல லேபர்னு ஒரு பெரிய கட்சி, 1912-ல இருந்து கட்சி பேருல யு கிடையாது, நாட்டுல மத்த எல்லா லேபருக்கும் யு உண்டு. மெல்போர்ன் குடும்பம் அனுப்புன கட்டுரையில ஒரே வாக்கியத்துல ரெண்டும் வந்துச்சு, சார் ஒண்ணை அடிச்சாரு, அவங்க மெயில் போட்டு அது தப்பில்ல சார்னு விளக்கம் குடுத்தாங்க. 2018-ல ட்விட்டர் பதிவையும் கூகுள் சேத்து வச்ச புத்தகங்களையும் வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, இங்கிலாந்துக்கு வெளிய அமெரிக்க இங்கிலீஷ்தான் மேலோங்கி இருக்கு, இங்கிலாந்துக்குள்ளயும் அதோட தாக்கம் தெரியுதுன்னு சொல்லுச்சு. சரியாத்தான் இருக்கும். ஆனா என் கடை பெஞ்சுல இருந்து பாத்தா எழுத்து ஒரு கதை, வார்த்தை வேற கதை.

தம்மாம் எஞ்சினியரும் லாரியும்

தம்மாம் எஞ்சினியரு தன் வாழ்க்கையில அமெரிக்கா போனதே இல்ல. மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளை, பாலிடெக்னிக் படிச்சிட்டு நேரா சவுதி. ஆனா அவரு கட்டுரையில கேசோலின், ட்ரக், வெகேஷன், அபார்ட்மென்ட், எலிவேட்டர்னு வரிக்கு வரி அமெரிக்கா. காரணம் ரொம்ப லேசு. அங்க எண்ணெய் எடுக்க 1933-ல ஒப்பந்தம் போட்டது கலிபோர்னியா கம்பெனி, 1944-ல இருந்து அராம்கோன்னு பேரு, அந்தப் பேரை விரிச்சாலே அரேபியன் அமெரிக்கன் ஆயில் கம்பெனின்னுதான் வரும். மேனுவல், ஃபார்ம், சேஃப்டி போர்டு எல்லாம் அமெரிக்கன் இங்கிலீஷ். அமெரிக்கா அவருக்கு அரபிக்கடல் தாண்டி வந்துச்சு, அட்லாண்டிக் தாண்டி இல்ல.

அவரு லீவுக்கு வந்தப்ப கடைக்கு வந்தாரு. வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உள்ள வந்து சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, ஸ்டெப்னி பஞ்சர், பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒட்டுற கடை இருக்கா, ரோட்டுல ஒரே லாரி.” ஒத்தை வாக்கியத்துல அவ்வளவும் பிரிட்டன். ஸ்டெப்னிங்கிறது வேல்ஸ்ல லனெல்லி ஊருல ஸ்டெப்னி தெருவுல 1904 வாக்குல கண்டுபிடிச்ச உபரி சக்கரம், அந்தத் தெரு பேரு அந்த ஊருக்காரனுக்கே மறந்திருக்கும், நம்ம ஒர்க்‌ஷாப் பையனுக்கு மறக்கல. பானட், டிக்கி, லிஃப்ட், டார்ச் எல்லாம் அந்த வகை. எழுதும்போது கேசோலின், பேசும்போது பெட்ரோல். ஏன்னு அவர்கிட்டயே கேட்டேன், அவருக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருக்குறதே தெரியல. “பெட்ரோல் தமிழ்தானே அண்ணே”ன்னாரு.

இதுல விஷயம் இருக்கு. லாரி, பெட்ரோல், டிக்கி எல்லாம் தமிழ் எழுத்துல ஏறி தமிழாயிருச்சு, அதை எந்த ஸ்பெல்செக்கும் வந்து தொட முடியாது. வேர்டுல இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்னு வச்சாலும் ஒர்க்‌ஷாப்புல ஸ்டெப்னிதான். இப்பம் புதுசா வர்ற சாமான் எந்த வழியா வருதோ அந்தப் பேரோட உக்காந்துக்குது. செல்ஃபோன் அமெரிக்கா வழி வார்த்தை, நாம செல்லுன்னு சுருக்கிட்டோம். மால்ல போனா ரெஸ்ட்ரூம், வீட்டுல பாத்ரூம். ஃபிங்கர் சிப்ஸ் தின்ன வாய்தான் இப்பம் ஃபிரைஸ் கேக்குது. ஜெராக்ஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனி பேரு, நம்ம கலெக்டர் ஆபீஸ் முன்னால வரிசையா அந்தப் பேருலதான் கடை, அதை யாரும் அமெரிக்க ஆதிக்கம்னு சொல்றதில்ல. மண்ணு தோண்டுற மெஷினுக்கு ஜேசிபின்னு இங்கிலாந்துக் கம்பெனி பேரு. ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அழிக்கிறது இன்னும் ரப்பர்தான், அமெரிக்கா போய் கடையில ரப்பர் கேட்டா வேற ஒரு சாமானை எடுத்து நீட்டுவான், போற பிள்ளைகளுக்கு யாராவது சொல்லி அனுப்புங்க.

இசட் மட்டும் என் கண்ணு முன்னால சாயுது. அங்கன்வாடிப் பிள்ளை கூட ஸீன்னு முடிக்குது. ஏபிசி பாட்டு 1835-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல பதிவானது, ஜி, பி, வின்னு போயி ஸீன்னு முடிஞ்சாத்தான் கடைசி ஓசை சரியா விழும், இசட்டுன்னா பாட்டு தடுக்கி விழும். யூடியூப்ல அதைத்தான் ஓட்டுறாங்க. இந்த ஒண்ணுல சாருக்கு நம்பிக்கை இல்ல, போயிருச்சுடேன்னுட்டாரு.

நர்ஸ் அக்கா கட்டுரையில வேற மாதிரி சிக்கல். இலவச ரத்தசோகை முகாம் பத்தி எழுதியிருந்தாங்க, அனீமியாவை ஏ-இ போட்டு. அதே முகாமுக்குப் பணம் அனுப்புன டெக்சாஸ் அண்ணன் மக, அங்க ஆஸ்பத்திரியில வேலை, அனீமியாவை ஏ இல்லாம எழுதியிருக்கா. இங்க ஆபரேஷன் தியேட்டர்னா அங்க ஓஆர், ஆபரேட்டிங் ரூம். பாரசிட்டமால் அமெரிக்காவுல அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அங்க ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். நம்ம மாவட்டத்துல இருந்து போற நர்ஸ் பிள்ளைக லண்டனுக்குன்னா ஒரு பேரு, அமெரிக்காவுக்குன்னா ஒரு பேரு மனப்பாடம் பண்ணணும். யு விட்டுப்போனா யாரும் சாகப் போறதில்ல, மருந்து பேரு அப்படி இல்ல. இந்த ரெண்டு பக்கத்துலயும் சார் சிவப்புப் பேனாவை மூடி வச்சிட்டு, அவங்கவங்க எழுதுனபடியே விடு மக்கா, நமக்குத் தெரியாத வேலைன்னாரு. அதுதான் பிறகு மலர் முழுக்க விதி ஆச்சு: முன்னுரை, சபை வரலாறு, நிகழ்ச்சி நிரல் சார் எழுத்துல, மத்தது எழுதுனவங்க எழுத்துல, ஒரு கட்டுரைக்குள்ள மட்டும் கலக்கப்பிடாது. எனக்கு அது நல்ல தீர்ப்புன்னுதான் இன்னைக்கும் தோணுது. இ இல்லாத தீர்ப்பு.

டெக்சாஸ்ல இருந்து பிடிஎஃப்-ஆ வந்த பக்கம் எல்லாம் அவங்க லெட்டர் சைஸ், 216-க்கு 279 மில்லிமீட்டர். நம்ம ஏ4 210-க்கு 297. அகலத்துல 6 மில்லி கூட, உயரத்துல 18 மில்லி கம்மி. அதைச் சரி பண்ண ஒரு ராத்திரி போச்சு, அதைப் பத்தி வேற சொல்ல ஒண்ணுமில்ல.

நிஜமா நடந்த தப்பு

ஒன்றரை மாசம் யு-வுக்குச் சண்டை போட்டு, மூணு ப்ரூஃப் பாத்து, சிவகாசியில ஆஃப்செட் அடிச்சு 600 காப்பி வந்துச்சு. விழாவும் நல்லா நடந்துச்சு. மூணாம் நாள் டெக்சாஸ் அண்ணன் போன் பண்ணாரு. சத்தம் போடல, அதுதான் பயமா இருந்துச்சு.

“தம்பி, எங்க அம்மா ஜூலை 4 சாகல. அன்னைக்கு இங்க சுதந்திர தினம், பட்டாசு வெடிப்பாங்க. எங்கம்மா இறந்தது ஏப்ரல் 7.”

நினைவு அஞ்சலிப் பக்கம். கூகுள் ஃபார்ம்ல அவரு அடிச்சிருந்தது 04/07/1998. அங்க போயி இத்தனை வருஷத்துல அவரு கை மாசத்தை முதல்ல போடப் பழகிருச்சு. நாங்க தேதியை முதல்ல வாசிச்சோம். பிள்ளை அதைத் தமிழ்ல அழகா “4 ஜூலை 1998”னு விரிச்சு டைப் பண்ணா, நான் பாத்தேன், சார் பாத்தாரு, மூணு பேரும் விட்டோம். சார் யு தேடிட்டிருந்தாரு, நானும் யு தேடிட்டிருந்தேன்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, வேற ஒருத்தரு 11/23-ன்னு அடிச்சிருந்ததைப் பிள்ளை கண்டுபிடிச்சு அப்பவே திருத்தியிருக்கா, 23-வது மாசம் கிடையாதுல்ல. அப்ப அமெரிக்காக்காரன் மாசத்தை முதல்ல போடுவான்னு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் மத்தத் தேதியைச் சந்தேகப்படல. பிறகு உக்காந்து கணக்குப் போட்டேன். ரெண்டு நம்பரும் 12-க்குள்ள இருந்து, ரெண்டும் வேற வேறயா இருந்தாத்தான் குழப்பம், 12-ஐ 12-ஆல பெருக்கி ஒரே நம்பர் வர்ற 12 நாளைக் கழிச்சா 132. வருஷத்துல 132 நாள் இப்படித் திருப்பிப் போட்டாலும் ஒழுங்கான தேதி மாதிரியே இருக்கும், எந்த மெஷினும் அதுக்குக் கீழ சிவப்புக் கோடு போடாது. கலர்ல யு இருந்தாலும் இல்லாட்டாலும் வாசிக்கிறவனுக்கு அது கலர்தான். இது அப்படியா.

வெளிநாட்டுல இருந்து வந்த எல்லாத் தேதிக்கும் ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டோம். தம்மாம்காரரு வார்த்தை எல்லாம் அமெரிக்கன், தேதி மட்டும் நம்ம வழக்கம். இன்னொரு கல்யாணத் தேதி மாறியிருந்துச்சு, அந்த வீட்டுல சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. அஞ்சலிப் பக்கத்துக்கு மட்டும் சின்னத் துண்டுச் சீட்டு அடிச்சு, நானும் பிள்ளையும் சபை வாலிபர் சங்கப் பசங்களும் உக்காந்து கையில இருந்த காப்பிக்கெல்லாம் ஒட்டுனோம். ஏற்கெனவே வீடு வீடா போன காப்பி போனதுதான். அந்தச் செலவு என்னோடது. இப்பம் என் கடை ஃபார்ம்ல மாசத்தை எழுத்துலதான் அடிக்க முடியும், நம்பர் அடிச்சா போகாது.

அண்ணன் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அம்மா பேருல சண்டே ஸ்கூலுக்கு ஒரு ரூம் கட்டிக் குடுத்திருக்காரு, அதுக்குக் கல்லு வைக்கணும், அந்த வாசகத்தையாவது சரியா பாத்துக் குடு தம்பின்னாரு. அவரு அனுப்புன வாசகத்துல இன் ஹானர் ஆஃப்னு ஆரம்பம், யு இல்ல. கீழ தேதி, நம்பர்ல, மாசம் முதல்ல.

சாரைக் கூட்டிட்டு மயிலாடிக்குப் போனோம். கல்லு கொத்துறவரு வாசகத்தை வாங்கி விரலால எண்ணுனாரு, அங்க எழுத்துக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு. சார் மெதுவா, ஹானர்ல ஒரு யு வரும்னாரு. நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். “சார் சொன்னா போடுங்க, அவரு எனக்கும் வாத்தியாருதான்”ன்னுட்டாரு. அந்த எழுத்துக்கு நான் தர்றேன்னு சார் சட்டைப் பையில கைய விட்டாரு. தேதியில மாசத்தை எழுத்தா கொத்தச் சொன்னேன் நான். நம்பர்ல போனா ரெண்டு, ஏப்ரல்னு இங்கிலீஷ்ல போனா அஞ்சு, மூணு எழுத்து கூடுதல்னாரு அவரு. அந்த மூணுக்கு என் காசு.